இரும்பு மடிக்கொடி

திருவனந்தபுரத்தில் ஐப்பசி மாதம் வேஷ்டி காயாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. காலையில் துவைத்துப் போட்டதை மறுநாள் தொட்டுப் பார்த்தால், துவைத்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஈரமாக இருக்கும். அந்த மாதம் முழுவதும் ஊரே லேசான பூஞ்சை வாசனையோடு நடமாடுகிறது. யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை. வழக்கைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும் என்பதால் முதலில் சொன்னேன்.

நீங்கள் எச்சரித்தது எனக்குப் புரிந்தது, மாஜிஸ்திரேட் ஸார். வாக்குமூலம் தர வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. தந்தால் எனக்கு எதிராகவே அது பயன்படும். யோசிக்க அவகாசமும் கொடுத்தீர்கள். சட்டக் கல்லூரியில் படிக்கிற எனக்கு இதை இவ்வளவு பொறுமையாக விளக்கிய முதல் ஆள் நீங்கள்தான். எங்கள் பேராசிரியர் அந்தப் பக்கத்தை நாங்களே படித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் இங்கிலீஷில் எழுதுகிறீர்கள். நடுவில் ஏதாவது நழுவினால் பரவாயில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் நழுவக் கூடாது. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

என் பெயர் ராமசுப்ரமணியன். வீட்டில் சுப்பிணி. வலியசாலை அக்ரஹாரத்தில் என் மாமா அனந்தபத்மநாபன் வீட்டில் நானும் என் அம்மா பாகீரதியும் இருந்தோம். மாமா அம்மாவின் அண்ணா, மாமி காலமாகிவிட்டாள். போன வாரம் எங்கள் வீட்டில் மின்சாரம் தாக்கிச் செத்தது அம்மா. கொள்ளி நான்தான் வைத்தேன். அப்போது யாருக்கும் என்மேல் சந்தேகம் வந்திருக்கவில்லை.

சந்தேகம் வந்தது வயர்மேன் தங்கப்பனால். வயர் கெட்டுப்போயிருந்தது எனக்கு முன்பே தெரியும் என்று அவன் போலீஸில் சொல்லிவிட்டான். உண்மையைச் சொன்னதற்காக அவனைக் கோபிக்க முடியாது. இன்ஸ்பெக்டர் அருமைநாயகம்தான் பாவம் மிகவும் வருத்தப்பட்டார். நாகர்கோவில்காரர். என்னை உட்காரவைத்து, தன் டிபனில் பாதியைக் கொடுத்து, பிறகு பேசினார்.

"ஏ தம்பி, பெத்த தாயைக் கொல்லணும்னு எவனாவது நெனைப்பானாடே? வயரு கெட்டுக் கெடக்குன்னு தெரிஞ்சிருக்கு. ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சு விட்டுட்டே. அதைச் சொல்லு போதும். அசிரத்தை. ரெண்டு வருசம், கூடிப்போனா. நல்ல வக்கீல் வச்சா அபராதத்தோட போயிரும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

அது நல்ல யோசனை. எனக்குக் கழுத்தின்மேல் ஆசை இருக்கிறது. சமஸ்தான காலத்தில் இங்கே தூக்கை எடுத்துவிட்டிருந்தார்கள். இந்தியச் சட்டம் வந்தபோது சுதந்திரத்தோடு அதுவும் கூட வந்து சேர்ந்தது. சட்டக் கல்லூரி ஆண்டு விழாவில் இதை வைத்து நான் ஒரு நையாண்டிப் பேச்சுப் பேசினேன். பிரின்சிபால்கூடச் சிரித்தார். இப்போது அது அவ்வளவு சிரிப்பாக இல்லை.

உங்களுக்கு மடி என்றால் தெரிந்திருக்க நியாயமில்லை. குளித்து, துவைத்து உலர்த்திய துணியை வேறு யார்மேலும் படாமல் எடுத்து உடுத்திக்கொள்வது மடி. அந்தத் துணியைத்தான் சமைக்கிறவளும் பூஜை பண்ணுகிறவரும் உடுத்துவார்கள். யார் கையும் எட்டாத உயரத்தில், உத்தரத்திலிருந்து கயிறு கட்டி ஒரு மூங்கிலைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதுதான் மடிக்கொடி. ஒரு நீளக் கோலால் துணியைத் தூக்கி அதில் போடுவார்கள், கோலாலேயே எடுப்பார்கள். கொடிக்குக் கீழே மடி இல்லாதவன் போய் நின்றுவிட்டால் மேலே இருக்கிற அத்தனையும் மறுபடி துவைக்கப் போகும்.

எங்கள் வீட்டு மூங்கிலைக் கரையான் தின்றுவிட்டது. மாமா பென்ஷன் வாங்குகிறவர். யோசிக்க நேரம் உண்டு. குழாய் போட்டபோது மிஞ்சிய இரும்புப் பைப் ஒன்று கொல்லையில் கிடந்தது. இரும்பு மடியைக் கெடுக்குமா என்று புரோகிதம் பண்ணிவைக்கிற வாத்தியாரைக் கேட்டார். வாத்தியார் கொஞ்சம் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, கெடுக்காது என்றார். மின்சாரத்தைப் பற்றி மாமா கேட்கவில்லை, வாத்தியாரும் சொல்லவில்லை. கொடி தொங்குவது வீட்டின் இரண்டாம் கட்டில், முன்கூடத்துக்கு அடுத்த பகுதியில். அங்கே விளக்குக்குப் போகிற வயர், மரச் சட்டத்துக்குள், அதே உத்தரத்தை ஒட்டித்தான் ஓடுகிறது.

மாமா கெட்டவர் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் படிப்புச் செலவு அவருடையது. அப்பா போன பிறகு அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவர் அவர். கூட்டி வந்த பத்தாம் நாள் அவளுடைய தலையை மழிக்க ஆள் வரவழைத்தவரும் அவர். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறை கொல்லைப்புறமாக நாவிதர் வருவார். அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு மற்ற நாளைவிட வேகமாகப் போய்விடுவேன். காலம் மாறிவிட்டது, தெருவிலேயே பலர் இதை விட்டுவிட்டார்கள் என்று பெரியவனான பிறகு மாமாவிடம் சொன்னேன்.

"அவளைக் கேளுடா. நானா பிடிச்சு உக்காத்தி வெச்சிருக்கேன்?" என்றார்.

அவளைக் கேட்டேன். "அண்ணா என்ன சொல்றானோ அதாக்கும்," என்றாள்.

இவர் அவளைக் காட்டுவார், அவள் இவரைக் காட்டுவாள். புரட்டாசியில் கரமனையில் ஓர் அறை பார்த்தேன். அடுப்படி தனியாக இருந்தது. இரண்டு வீட்டில் டியூஷன் ஏற்பாடு செய்துகொண்டேன். அவளிடம் போய், கிளம்பு என்றேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நான் எங்கேடா வரது? அண்ணாவுக்கு யார் சமைச்சுப் போடுவா?"

"அப்போ எனக்கு?"

"உனக்கென்னடா, நீ ஆம்பளை. ஒருத்தி வருவள். அவனுக்கு யார் இருக்கா?"

அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. அரிசி களைந்த தண்ணீரை வாழைக்குக் கொண்டு ஊற்றச் சொன்னாள்; கொண்டு ஊற்றினேன்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், என் ஈர வேஷ்டியைக் கோலால் தூக்கிக் கொடியில் போட்டேன். அதன் நுனி கையில் பட்டது. என்னை யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் பின்னால் போய் விழுந்தேன். வீட்டில் யாரும் இல்லை. எழுந்து, விளக்கை அணைத்துவிட்டு, ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். எலி மரச் சட்டத்தையும் கடித்து, வயரின் ரப்பரையும் கடித்து, செம்பு இரும்பின்மேல் ஒய்யாரமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. விரல் நுனியால் பைப்பைத் தொட்டேன். ஒன்றுமில்லை. ஆக, விளக்கு எரியும்போது மட்டும்தான் கொடியில் மின்சாரம்; அணைத்தால் அது வெறும் பைப். இவ்வளவும் புரிந்தது. படித்தவனாக இருப்பதில் இது ஒரு வசதி.

அப்போது இன்னொன்றும் மனசில் ஓடியது. மாமா விடிவதற்கு முன்னால் குளித்துவிட்டு வருவார். இருட்டு. விளக்கைப் போட்டுத்தான் வேஷ்டியை உலர்த்துவார். அம்மா அதற்கும் முன்னால் எழுந்துவிடுவாள். அவளுக்குச் சிமினி விளக்கு போதும். அவள் துவைத்து உலர்த்துவது மத்தியானம், நல்ல வெளிச்சத்தில். விளக்குப் போட்டுக்கொண்டு அந்தக் கொடியோடு பழகுகிற ஒரே ஆள் மாமா. அவர் இல்லாவிட்டால் அம்மா யாருக்குச் சமைத்துப் போடுவாள்? நான் இதைத் திட்டம் என்று சொல்லவில்லை. நிலைமை என்று சொல்கிறேன்.

எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒருநாள் முழுக்கப் பேசினார்கள். வித்துராவில் ஒருவன் லாரியை மலையிலிருந்து இறக்குகிறான். பிரேக் சரியில்லை என்று அவனுக்குத் தெரியும். கீழே சந்தையில் ஒருத்தி செத்துப்போகிறாள். 'என் கைக்கு வண்டி நிற்கும்' என்று நம்பி இறக்கினானா? அது அசிரத்தை. 'எவளாவது செத்தால் சாகட்டும்' என்று இறக்கினானா? அது வேறு, கொலைக்குப் பக்கத்து வீடு. இரண்டு பேரும் கண்டது ஒரே ஆபத்தைத்தான். மனசுக்குள் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருத்தன் கேட்டான். பேராசிரியர் சொன்னார், அவன் எங்கே உட்கார்ந்திருந்தான் என்று பார், லாரிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் அவன் பிரேக்கைக் கொஞ்சமாவது நம்பியிருக்கிறான்.

அந்தச் சாயங்காலத்திலிருந்து என் வேஷ்டியைக் கொல்லையில் செம்பருத்திச் செடிமேல் உலர்த்த ஆரம்பித்தேன். இன்ஸ்பெக்டர் இதைக் கேட்கவில்லை. அம்மாதான் கேட்டாள்: "ஏண்டா அங்கே கொண்டு போட்டிருக்கே?" வெயில் நன்றாக இருக்கிறது என்றேன். அப்போது மழை பெய்துகொண்டிருந்தது. அவள் சிரித்தாள், நான் வேடிக்கைக்காரன் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

நான் எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது மாமாவிடம் சொன்னேன்: "மாமா, நம்மாத்துக் கொடியிலே மின்சார தேவதை வந்து உக்காந்துண்டிருக்கா. இனிமே அதிலே ஈரத் துணியைப் போட்டா ஷாக் அடிச்சு நேரே வைகுண்டம். ஸ்ராத்தச் செலவு மிச்சம்."

"போடா கோமாளி," என்று மாமா மோரைக் கையில் வாங்கிக்கொண்டே சிரித்தார்.

"வெறுதே இருடா. கொடியைப் போய்ப் பரிகாசம் பண்ணிண்டு," என்றாள் அம்மா.

ரோட்டில் வயர்மேன் தங்கப்பனைப் பார்த்தபோது, எலி கடித்த வயரைப் பற்றிக் கேட்டேன். "ஸாமி, அது தொடண்டா. ஞான் வராம்," என்றான், தொட வேண்டாம், தானே வந்து பார்ப்பதாக. அதையும் மாமாவிடம் சொன்னேன். இம்முறை மரியாதையாக, கையைக் கட்டிக்கொண்டு: "இரண்டாம் கட்டிலே விளக்கு மினுங்கறது மாமா. தங்கப்பன் வந்து கொடிக்கு அடியிலே ஏணி போட்டுப் பாக்கறேன்கறான்."

"உன் மாமி ஸ்ராத்தம் கழியட்டும்டா. அவனைக் கொடிக்கு அடியிலே நிறுத்தினா மேலே இருக்கறதெல்லாம் மறுபடி நனைக்கணும். இந்த மழையிலே பாகீரதி ஒருத்தியா எத்தனைதான் துவைப்பள்?"

பாருங்கள், அவளை நினைத்துத்தான் சொன்னார்.

ஷாக் என்ற வார்த்தையைக் கோமாளியாகச் சொன்னேன். விளக்கு மினுங்குகிறது என்பதை மரியாதையாகச் சொன்னேன். மாற்றிச் சொல்லியிருக்கலாம். எனக்கு இரண்டு குரலும் வரும். எந்தக் குரலை யார் நம்புவார்கள் என்பது அதைத் தொழிலாக வைத்திருப்பவனுக்குத் தெரியாமல் இருக்காது.

பிறகு தினமும் விடிகாலையில் படுக்கையில் விழித்துக்கொண்டு கிடந்தேன். மாமா ஸ்லோகம் சொல்லிக்கொண்டே கிணற்றடியிலிருந்து வருவார். சுவிட்ச் சத்தம் கேட்கும். கோல் பைப்பில் இடிக்கும். மாமா உயரமானவர், வேஷ்டியை முறுக்கிப் பிழிந்து, கோலின் முனையில் வைத்து, ஒரே வீச்சில் கொடியில் விழச் செய்வார். நுனி அவர்மேல் படாது. படவும் செய்யலாம். ஸ்லோகம் விட்ட இடத்திலிருந்து தொடரும். எனக்கு நெஞ்சு ஆறும். நிஜமாகவே ஆறும், ஸார். அன்றைக்கு நான் யாரையும் கொல்லவில்லை என்று எழுந்து பல் தேய்க்கப் போவேன். காப்பி குடிக்கும்போது, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருக்கும். சொல்லாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் மறுநாள் சொல்வதைக் கஷ்டமாக்கியது. 'எப்போதிலிருந்து தெரியும்' என்ற கேள்விக்குப் பதில் நீண்டுகொண்டே போனது. எனக்குப் பசியே இல்லாமல் போயிற்று. அம்மா சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள்.

இனி அந்த மத்தியானம். மழை வருகிற நேரம், இரண்டாம் கட்டில் சாயங்காலம்போல் இருட்டிக்கொண்டு வந்தது. மாமா முன்கூடத்து ஊஞ்சலில் பேப்பரோடு இருந்தார். நான் சுவரோரமாக உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா துவைத்த துணிகளோடு கொல்லையிலிருந்து வந்தாள்.

"சுப்பிணி, அந்த லைட்டைப் போடுடா. கொடி கண்ணுக்குத் தெரியலை."

வேண்டாம் அம்மா என்று சொன்னால் முடிந்தது. ஏன் என்பாள். கொடியில் கரண்ட் வருகிறது என்பேன். உனக்கு எப்படித் தெரியும் என்று ஊஞ்சலிலிருந்து மாமா கேட்பார். எப்போதிலிருந்து தெரியும் என்பார். ஏன் உன் வேஷ்டி மட்டும் செம்பருத்திமேல் என்பதை அவர் கேட்கமாட்டார், அம்மா கேட்பாள். ஈரத் துணியோடு நின்று என்னைப் பார்ப்பாள்.

எனக்கு மறதி இல்லை. இதை இன்ஸ்பெக்டரிடம் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சுவிட்சில் விரல் வைத்தபோது எல்லாம் ஞாபகம் இருந்தது. கோல் காய்ந்த கோல், மாமாவுக்குத் தினமும் ஒன்றும் ஆகவில்லை, அவளுக்கும் ஆகாது. இப்படி நினைத்தேன். நம்பினேன் என்றே சொல்லலாம். சுவிட்சைப் போட்டேன்.

"மதிடா, போதும், நன்னாத் தெரியறது," என்றாள்.

மாமாவின் வேஷ்டியை ஒரு வீச்சில் போட்டுவிடலாம். அம்மாவின் நார்மடிப் புடவை பதினெட்டு முழம். இத்தனை வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன், அதை அவள் எப்படி உலர்த்துகிறாள் என்று ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஒரு தலைப்பைக் கோலால் கொடியில் ஏற்றிவிட்டு, மீதியைக் கையில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விரிக்க வேண்டும். ஈரப் புடவையை உடம்போடு அணைத்துக்கொண்டுதான் செய்ய முடியும். வெறுங்காலில். கொடியில் நேற்றைய துணி இன்னும் காயாமல் இருந்தது; அதைத் தள்ளி இடம் பண்ணினாள். புடவையை ஏற்றினாள்.

சத்தம் போடவில்லை. புடவையை விடவும் இல்லை. கோல் விழுந்த சத்தம்தான் கேட்டது. மாமா பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மடி, ஆசாரம் ஒன்றையும் நினைக்கவில்லை. "பாகீ" என்று கூப்பிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் அவளைப் பிடித்து இழுத்தார். உலர்ந்த பட்டு உடுத்தியிருந்தார், தரையும் அந்த இடத்தில் காய்ந்திருந்தது. தூக்கி எறியப்பட்டுத் தூணில் போய் இடித்துக்கொண்டார். பிறகு விளக்கு அணைந்தது.

நேற்று ஜெயிலுக்கு வந்திருந்தார். தலையில் கட்டு. கம்பிக்கு வெளியே நின்று சின்னக் குழந்தைபோல் அழுதார்.

"நீ சொன்னயேடா. வயர்மேனைக் கூட்டிண்டு வரேன்னு சொன்னயே. நான்தானேடா ஸ்ராத்தம் கழியட்டும்னேன். என் பாவம்டா இது. கோர்ட்டிலே ஏறிச் சொல்லப் போறேன். பெரிய வக்கீலா வெச்சிருக்கேன். நீ புஸ்தகத்தைத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்து அணைச்சிருக்கலைன்னா நானும் அவளோட போயிருப்பேன். எனக்கு உயிர் குடுத்தவன்டா நீ."

இவர் அழுவதை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை, ஸார். அதனால்தான் உங்களைப் பார்க்க வேண்டும் என்று ராத்திரியே சொல்லி அனுப்பினேன். அவர் தருகிற விடுதலையை வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய், அவருக்கு எதிரில் இலை போட்டு உட்கார என்னால் முடியாது. இனி அவருக்குச் சமைத்துப் போடுகிறவன் நான்தான்.

நழுவக் கூடாத இடம் இதுதான். தயவுசெய்து இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். அனந்தபத்மநாபனைக் கொல்ல எனக்கு எண்ணம் இருந்தது; ஆபத்தைத் தெரிந்து வைத்திருந்து, நம்பாத குரலில் எச்சரித்து, தினமும் காத்திருந்தேன். அது கொலை முயற்சி. பாகீரதி விஷயத்தில் எண்ணம் கிடையாது. ஆபத்து தெரியும், ஆனால் நடக்காது என்று நம்பினேன். அது அசிரத்தை. ஒருத்தருக்கு வைத்தது இன்னொருத்தர்மேல் பட்டாலும் கொலைதான் என்று சட்டத்தில் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் என் அம்மாவை நான் கொல்லவில்லை. அந்த ஒன்றை மட்டும் எனக்கு விட்டுக்கொடுங்கள். தூக்கில் போட்டாலும் அவரைக் கொல்லப் பார்த்ததற்காகப் போட்டதாக இருக்கட்டும்.

மாமா வாக்குமூலத்தில் ஒரு திருத்தம் உண்டு. நான் ஓடி வரவில்லை. புத்தகத்தைத் தூக்கிப் போடவும் இல்லை. அது வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. சுவிட்சைப் போட்ட பிறகு நான் அங்கிருந்து நகரவில்லை. அம்மா புடவையை விரித்தது, கோல் விழுந்தது, எல்லாவற்றையும் சுவிட்சின்மேல் விரல் வைத்தபடிதான் பார்த்தேன். கோல் விழுந்தவுடனேயே அணைத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அணைத்திருக்கலாம். அணைத்திருந்தால் அவள் பிழைத்திருக்கவும் கூடும் என்று டாக்டர் சொன்னார்.

மாமா ஊஞ்சலை விட்டு எழுந்துவிட்டார், ஸார். இதோ வந்துவிடுவார், வந்து அவளைத் தொட்டுவிடுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.